வேலூருக்குப் புதுசா? காலை ஒன்பது மணிக்குள் முடிக்கவேண்டிய காரியங்கள்

வேலை மாற்றலில் வந்தவர்கள், பிள்ளையைக் கல்லூரியில் சேர்த்துவிட்டுக் கூடவே வீடு பிடித்தவர்கள், வைத்தியத்துக்காக மாதக்கணக்கில் தங்கப்போகிறவர்கள் என்று வேலூருக்கு ஆட்கள் வந்தபடியே இருக்கிறார்கள். எல்லோருக்கும் முதலில் சொல்லவேண்டியது வெயிலைப் பற்றித்தான். மார்ச் பாதியிலேயே சுற்றியுள்ள மொட்டைப்பாறை மலைகள் சூடேறிவிடும். கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டினால் இங்கே யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார்கள். அதனால்தான் ஊர் தன் வேலையில் பாதியைக் காலையிலேயே முடித்துக்கொள்கிறது, சாப்பாடும் அப்படித்தான். ஒன்பதரைக்குச் சாவகாசமாகக் குளித்துவிட்டு டிபனுக்குக் கிளம்பினால் ஆறிப்போன பொங்கலும் தீர்ந்துபோன வடையும்தான் மிஞ்சும். கீழே சொல்வதெல்லாம் அந்த நேரத்துக்குள் எப்படி நுழைவது என்பதுதான்.

1. முதல் வாரம் கடிகாரத்தை மாற்றுங்கள்

விடியுமுன்பே நேதாஜி மார்க்கெட்டில் காய்கறி மூட்டை இறங்கும், பூக்கடைக்காரர்கள் சரம் தொடுக்க உட்கார்ந்துவிடுவார்கள். காட்பாடி ஜங்ஷனில் ரயில் விட்டு இறங்குகிற கூட்டம் ஒருபக்கம், சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ஆஸ்பத்திரிக்கு டோக்கன் போடப் போகிற கூட்டம் ஒருபக்கம். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் ஷாப்புக்கும் ஷூ கம்பெனிக்கும் போகிற பெண்கள் டிபன் பாக்ஸோடு தெருமுனையில் நிற்பார்கள். இவர்களுக்காகத்தான் டீக்கடை இருட்டோடு திறக்கிறது. டிபன் கடைகளில் ஆறு, ஆறரைக்கு முதல் ஈடு இட்லி இறங்கிவிடும். ஏழிலிருந்து எட்டரை வரை நல்ல நேரம். அதற்குப் பிறகு கிடைப்பது கிடைக்கும்.

நடக்கிற பழக்கம் உள்ளவர்கள் ஐந்தரைக்கே கோட்டைப் பக்கம் போய்விடுங்கள். அகழியை ஒட்டிய பூங்காவில் ஊரில் பாதிப்பேரைப் பார்க்கலாம். உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயில் இருக்கிறது. வெகுகாலம் மூலவர் இல்லாமல் கிடந்த கோயில், 1981-ல்தான் லிங்கத்தைத் திரும்பப் பிரதிஷ்டை செய்தார்கள். நடையை முடித்துவிட்டுக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால் அருகம்புல் சாறு, வாழைத்தண்டு சாறு என்று தம்ளரை நீட்டுவார்கள். குடிப்பதும் குடிக்காததும் உங்கள் இஷ்டம். அதைக் குடித்த கையோடு நாலு போண்டா சாப்பிடுகிறவர்களும் இங்கே உண்டு.

2. தண்ணீரும் பாலும்

வீடு பார்க்கும்போதே கேட்டுவிடுங்கள்: குழாயில் தண்ணீர் எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு? தெருவுக்குத் தெரு மாறும். பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்பதுதான் உத்தமம், வீட்டுக்காரர் சொல்வதைவிடச் சரியாக இருக்கும். பாலாறு பெயருக்குத்தான் ஆறு, வருடத்தில் பெரும்பகுதி மணல்தான். காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்த பிறகு கொஞ்சம் மூச்சு விடுகிறோம். போர் தண்ணீர் பல இடங்களில் உப்புக் கரிக்கும். அதில் பருப்பு வேக நேரமாகும், டீயும் ருசிக்காது. சமையலுக்குக் குழாய்த் தண்ணீர் அல்லது 20 லிட்டர் கேன், மற்றதற்குப் போர் தண்ணீர் என்று பிரித்துக்கொண்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

பால் பெரிய விஷயமில்லை. ஆவினில் நீலப் பாக்கெட் லேசானது, பச்சை நடுத்தரம், ஆரஞ்சு கெட்டி. காபிக்குப் பச்சை போதும். கோடையில் பாக்கெட்டை வாசலில் தொங்கும் பையில் அரைமணி நேரம் விட்டால்கூட திரிந்துவிடும். வந்ததும் எடுத்துக் காய்ச்சிவிடுங்கள்.

3. ஒரு டீக்கடையைப் பிடியுங்கள்

வட ஆற்காடு டீ குடிக்கிற சீமை. டிகாக்‌ஷன் காபி கிடைக்கும், நன்றாகவும் இருக்கும், ஆனால் தெருவின் பேச்சு நடப்பது டீக்கடையில்தான். வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தினமும் அங்கேயே போங்கள். நாலாவது நாள் மாஸ்டர் உங்கள் முகத்தைப் பார்த்ததும் "இன்னாணா, லைட்டா ஸ்ட்ராங்கா?" என்று கேட்பார். அடுத்த வாரம் அதையும் கேட்கமாட்டார். வேலை செய்கிறவரை வயது பார்த்து அண்ணா, தம்பி என்று கூப்பிடுங்கள், கடை வைத்திருக்கிறவர் முஸ்லிம் என்றால் பாய். அக்கா நடத்துகிற கடையில் அக்காதான். "ஹலோ", "எக்ஸ்கியூஸ் மீ" எல்லாம் காதில் விழாது.

சர்க்கரை எவ்வளவு என்பதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் தாராளமாகப் போடுவார்கள். டீயோடு வர்க்கி, பொறை, பன் என்று கண்ணாடி பாட்டிலில் இருக்கும். ஏழு மணிக்கு மேல் மசால் வடை வரும். அந்த முதல் தட்டு வடையை விட்டுவிடாதீர்கள், எண்ணெய் புதிதாக இருக்கிற நேரம் அது ஒன்றுதான். வீட்டுக்கு டீ வாங்க வேண்டுமானால் பிளாஸ்க்கையோ தூக்குவாளியையோ எடுத்துப்போங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கை அரசாங்கம் 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தடை செய்திருக்கிறது. தடை இல்லாவிட்டாலும் கொதிக்கிற டீயைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு போவதில் என்ன ருசி இருக்கிறது?

வாடகை வீடு, ஆட்டோ வாடகை, எந்தப் பள்ளிக்கூடம், எந்த டாக்டர் என்று எல்லாவற்றுக்கும் பெஞ்சில் உட்கார்ந்து தந்தி படிக்கிற பெரியவர்களிடம் பதில் இருக்கும். வீட்டுத் தரகருக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியாவது மிச்சமாகும்.

4. டிபன்: எங்கே எதைக் கேட்பது

முதல் பத்து நாள் சமைக்காதீர்கள். வெளியே சாப்பிட்டு ஊரைப் பழகுங்கள், பிறகு அடுப்பு மூட்டலாம்.

சைவ ஓட்டல்களில் எங்கும் உள்ளதுதான்: இட்லி, வெண்பொங்கல், பூரி மசால், தோசை. இரண்டு இட்லி ஒரு வடை என்று தொடங்குங்கள். சாம்பாரை வைத்துத்தான் கடையை எடை போடவேண்டும், சட்னியை வைத்து அல்ல. நல்ல ருசி தேடுகிறவர்கள் பலகை வைத்த ஓட்டலைவிட, தோட்டப்பாளையம், சத்துவாச்சாரி, காட்பாடி காந்திநகர் மாதிரியான குடியிருப்புத் தெருக்களில் வாசலிலேயே அடுப்பு வைத்து இட்லி ஊற்றுகிற அக்காக்களின் கடைகளைப் பாருங்கள். அங்கே மெனு கார்டு கிடையாது. இட்லி, கல்தோசை, சில நாள் வடகறி. சட்னி பெரும்பாலும் காரமாக இருக்கும். சித்தூர் பக்கத்திலேயே இருக்கிறது, தெலுங்கு பேசும் வீடுகளும் இங்கே நிறைய. மிளகாய் விஷயத்தில் அந்தப் பக்கத்துக் கை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. குழந்தைகளுக்கு வாங்கினால் "காரம் இல்லாம தேங்காய் சட்னி மட்டும் கட்டுங்கக்கா" என்று சொல்லிவிடுங்கள்.

ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள காந்தி ரோடு, பாபு ராவ் தெருப் பக்கம் வேறு உலகம். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் நோயாளிகள் வந்து தங்குவதால் கடைப் பலகைகளில் வங்காள எழுத்து இருக்கும், காலையில் லூச்சியும் (வங்காளத்து மைதா பூரி) உருளைக்கிழங்குக் கறியும் கிடைக்கும். மதுரையிலிருந்தோ நாகர்கோவிலிலிருந்தோ வந்து முதல் நாள் அங்கே நின்றால் தமிழ்நாட்டில்தான் இருக்கிறோமா என்று தோன்றும். ஒருநாள் சாப்பிட்டுப் பாருங்கள், தப்பில்லை. தினப்படிக்கு நாலு தெரு தள்ளிப் போனால் விலையும் குறையும், மிளகு போட்ட பொங்கலும் கிடைக்கும்.

கையில் காசு கம்மி என்றால் வெட்கப்படாமல் மாநகராட்சியின் அம்மா உணவகத்துக்குப் போங்கள். இட்லி 1 ரூபாய், பொங்கல் 5 ரூபாய். மாதக்கணக்கில் வைத்தியத்துக்குத் தங்கி, கூட வந்தவர்களும் சாப்பிட வேண்டிய குடும்பங்களுக்கு இது பெரிய ஆறுதல். அரசுத் தொடக்கப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்திருந்தால் காலை உணவு அங்கேயே உண்டு. 2022-ல் தொடங்கிய திட்டம், 2023 ஆகஸ்ட் முதல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கு ஒன்று, காய்கறி சாம்பாரோடு. வீட்டில் அவசர அவசரமாக ஊட்டிவிட்டு அனுப்பினால் பிள்ளை அங்கே சாப்பிடாமல் தட்டோடு உட்கார்ந்திருக்கும். ஒரு தம்ளர் பால் மட்டும் கொடுத்து அனுப்புங்கள்.

5. ஞாயிற்றுக்கிழமை பாயா

இந்த ஊரின் காலைச் சாப்பாட்டில் எனக்கு முதலிடம் இதற்குத்தான். ஆட்டுக்காலை வாட்டிச் சுத்தம் செய்து, இஞ்சி பூண்டு மிளகோடு மணிக்கணக்கில் வேகவிட்டு, எலும்பிலுள்ள சத்தெல்லாம் இறங்கி உதடு ஒட்டுகிற பதத்துக்கு வந்த சாறு. கூட இடியாப்பம் அல்லது ஆப்பம். சைதாப்பேட்டை, ஆர்.என்.பாளையம், கஸ்பா, கொணவட்டம் பக்கம் காலையில் நடந்தால் மணமே கடைக்கு வழி காட்டும். ஆற்காட்டை ஒட்டிய மேல்விஷாரம், இந்தப் பக்கம் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு எல்லாமே இதில் தேர்ந்த ஊர்கள்.

போகிற முறை இது. ஏழு மணிக்குள் போங்கள். உட்கார்ந்ததும் இடியாப்பம் இரண்டு சொல்லி, பாயாவில் "காலோட" வேண்டுமா, வெறும் சாறு போதுமா என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள், விலை வேறு வேறு. முதலில் சாற்றை மட்டும் குடித்துப் பாருங்கள். பிறகு இடியாப்பத்தை அதில் ஊறவிட்டுச் சாப்பிடுங்கள். எலும்பை உறிஞ்சுவதற்கு அங்கே யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள், உறிஞ்சாமல் வைத்தால்தான் சுளிப்பார்கள். மாட்டுக்கறி சாப்பிடாதவர்கள் உட்காரும் முன்பே "இது ஆடுதானே பாய்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்தப் பகுதியில் இரண்டுமே சாதாரணம், கேட்பதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

ஆம்பூர் பிரியாணியைத் தேடிக் காலை எட்டு மணிக்கு வந்து நிற்பவர்களும் உண்டு. அவசரப்படாதீர்கள், தம் உடைக்க முற்பகல் ஆகிவிடும். சீரகச் சம்பாவும் கத்திரிக்காய்த் தொக்கும் எங்கேயும் ஓடிப்போகாது.

வீட்டில் சமைக்கிறவர்களுக்கு ஞாயிறு காலை என்பது இட்லியும் கறிக்குழம்பும். கறிக்கடையில் கூட்டம் ஆறு மணிக்கே தொடங்கிவிடும். போட்டி, தலைக்கறி, ஈரல் வேண்டும் என்றால் முந்தின நாளே சொல்லி வைப்பது நல்லது.

6. மாவு

பத்து நாள் முடிந்ததா? இப்போது அரிசி ஊறப்போடலாம். ஆரணி பக்கத்தில்தான் இருக்கிறது, அங்கத்து ஆலை அரிசிக்கு இங்கே குறைவில்லை. இட்லி அரிசி நாலு பங்கு, உளுந்து ஒரு பங்கு, வெந்தயம் ஒரு சிட்டிகைக்கு மேல். இது உங்களுக்கே தெரிந்திருக்கும். தெரியாதது வேலூர் வெயிலில் மாவு புளிக்கிற வேகம். ஏப்ரல், மே மாதத்தில் ஆறு மணி நேரத்தில் பொங்கி வழிந்துவிடும். சாயங்காலம் அரைத்து வைத்தால் காலையில் தோசைக்குத்தான் லாயக்கு. கோடையில் இரவு பத்து மணிக்கு மேல் அரையுங்கள், பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள், அடியில் ஒரு தாம்பாளம் வையுங்கள். மார்கழி, தை மாதத்தில் நேர்மாறு. பத்து, பன்னிரண்டு மணி நேரம் ஆனாலும் அசையாது. அப்போது அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் வைத்தால் தேவலை.

கடை மாவு வாங்கினால் எப்போது அரைத்தது என்று கேட்டு வாங்குங்கள்.

சட்னிக்கு வேர்க்கடலையைப் பழகிக்கொள்ளுங்கள். இது கடலை விளைகிற சீமை. வறுத்துத் தோல் நீக்கிய கடலை, காய்ந்த மிளகாய், இரண்டு பல் பூண்டு, சுண்டைக்காயளவு புளி, உப்பு. கொரகொரவென்று அரைத்துத் தாளித்தால் போதும், தேங்காயே வேண்டாம். இன்னொன்று கத்திரிக்காய்க் கடைசல். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் என்று கேட்டு வாங்குங்கள். காம்பில் முள் இருக்கும், 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற காய் அது. கத்திரிக்காய், தக்காளி, வெங்காயம், பச்சை மிளகாய் எல்லாவற்றையும் சேர்த்து வேகவைத்து, கொஞ்சம் புளி விட்டு மத்தால் கடைந்து, கடுகு உளுந்து தாளித்து இட்லி மேல் ஊற்றினால் சாம்பாரைப் பற்றி ஒரு வாரம் நினைக்கமாட்டீர்கள். காயை உழவர் சந்தையில் வாங்கினால் விலை சரியாக இருக்கும். டோல்கேட்டிலும் காட்பாடியிலும் இருக்கிறது. அங்கேயும் அதே விதிதான், எட்டு மணிக்கு மேல் போனால் வாடிய கீரையைத்தான் கட்டிக் கொடுப்பார்கள்.

7. கூழ்

டவுனை விட்டு இரண்டு மைல் தள்ளினால் காலைச் சாப்பாடு இட்லி இல்லை. வட ஆற்காட்டுக் கிராமத்தின் காலை என்பது கூழும் பழைய சோறும்தான், மத்தியானத்துக்குக் களி. டவுனில் இருக்கிறவர்களும் சித்திரை வைகாசியில் இதற்குத் திரும்பிவிடுவார்கள், உடம்பே கேட்கும். ஒன்பது, பத்து மணிக்கு மேல் சாலையோரத் தள்ளுவண்டியில் கம்பங்கூழ், கேழ்வரகுக் கூழ் கிடைக்கும், மோர்மிளகாய், கொத்தவரங்காய் வற்றல், மாங்காய்த் துண்டு தொட்டுக்கொள்ள. வண்டியில் பழகிய பிறகு வீட்டில் செய்து பாருங்கள். ஒரே ஒரு சிரமம், இரண்டு நாள் முன்னாலேயே யோசிக்க வேண்டும்.

முதல் நாள் இரவு: ஒரு தம்ளர் கேழ்வரகு மாவை இரண்டு தம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து மூடி வையுங்கள். காலையில் லேசான புளிப்பு வாடை வரவேண்டும்.

மறுநாள்: கால் தம்ளர் அரிசி நொய்யை மூன்று தம்ளர் தண்ணீரில் குழைய வேகவிடுங்கள். தீயைக் குறைத்து, கரைத்த மாவை ஊற்றிக்கொண்டே கிளறுங்கள். கையை விட்டால் அடிபிடித்துவிடும். நிறம் கருத்து, பளபளப்பு வந்து, ஈரக்கையால் தொட்டால் ஒட்டாத பதம்தான் வெந்த பதம். ஆறியதும் மேலே கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அப்படியே மூடி வைத்துவிடுங்கள். மண்சட்டி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் எவர்சில்வர் போதும்.

மூன்றாம் நாள் காலை: கையால் பிசைந்து, உப்பும் மோரும் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டுக் குடியுங்கள். கரண்டியால் கலக்கினால் கட்டி உடையாது, கைதான் வேண்டும். கருவாடு சாப்பிடுகிறவர்கள் சுட்ட கருவாட்டுத் துண்டு ஒன்று வைத்துக்கொண்டால் மத்தியானம் வரை பசிக்காது. பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு குடிக்கிறவர்களைப் பார்த்து நீங்களும் முயல வேண்டாம், அது பிறந்ததிலிருந்து வருகிற பழக்கம்.

8. சோதனைக்கு ரத்தம் கொடுக்கிற நாள்

1900-ல் ஐடா ஸ்கடர் தொடங்கிய சி.எம்.சி.யால்தான் இந்த ஊருக்கு இத்தனை பேர் வருகிறார்கள் என்பதால் இதையும் சொல்லவேண்டும். சீட்டில் எந்த வளாகம் என்று முந்தின இரவே பாருங்கள். டவுனில் ஒன்று, ரத்தினகிரி பக்கம் நெடுஞ்சாலையில் ராணிப்பேட்டை வளாகம் ஒன்று. வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்கச் சொல்லியிருந்தால் எட்டு மணி நேரமாவது எதுவும் சாப்பிட்டிருக்கக் கூடாது. டீயும் கூடாது, "கால் கிளாஸ்தானே" என்பதும் கூடாது. வெறும் தண்ணீர் குடிக்கலாம். சர்க்கரை மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் அன்று காலை என்ன செய்வது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பிட்டபின் இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கிற சோதனைக்கு, முதல் வாய் வைத்த நேரத்திலிருந்துதான் கணக்கு. கை கழுவிய நேரத்திலிருந்து அல்ல. அன்றைக்கு என்று குறைத்துச் சாப்பிட்டால் சோதனையால் பயனில்லை, தினமும் சாப்பிடுகிற அளவே சாப்பிடுங்கள். கூட வந்தவர் ஒரு டப்பாவில் இட்லி கொண்டுபோவது நல்லது, ரத்தம் கொடுத்துவிட்டுக் கடை தேடி அலைய வேண்டாம்.

9. மாதத்துக்கு மாதம் மாறுவது

ரமலான் மாதத்தில் பாயாக் கடைகள் பல பகலில் திறக்காது. காலையில் போய்க் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் சாயங்காலம் போங்கள், நோன்புக் கஞ்சி கிடைக்கும். ஆடியில் ஒவ்வொரு அம்மன் கோயிலிலும் ஒரு ஞாயிறோ வெள்ளியோ கூழ் வார்ப்பார்கள். தெருவில் நன்கொடை கேட்டு வந்தால் முடிந்ததைக் கொடுங்கள். அன்று யாரையும் ஊர் கேட்டு ஊற்றுவதில்லை, சொம்போடு வரிசையில் நின்றால் போதும். புரட்டாசியில் பல வீடுகளில் கறி கிடையாது. பக்கத்து வீட்டுக்குக் குழம்பு கொடுத்தனுப்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். மார்கழியில் தெருவெல்லாம் கோலம், ஸ்கூட்டரைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கள். பெருமாள் கோயில்களில் விடியுமுன் திருப்பாவை முடிந்ததும் சூடாகப் பொங்கல் கொடுப்பார்கள், பாத்திரம் தேவையில்லை, தொன்னையிலேயே வைப்பார்கள். ஆறரைக்குப் பிறகு போனால் சட்டியைக் கழுவிக்கொண்டிருப்பார்கள்.